நாலு பேருக்கு ஒரு ஸ்பூன்

பொடிசு மறுபடியும் ஒரே ஒரு ஸ்பூனைத்தான் கொண்டு வந்தாள்.

"நாலு ஸ்பூன் எடுத்துட்டு வாம்மா" என்றுதான் அப்பா சொல்லியிருந்தார். மேசையில் நாலு கிண்ணம் சூப் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து அவள் எண்ணுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." எதையும் விடவில்லை, எதையும் இரண்டு தடவை சொல்லவில்லை. அப்புறம் இழுப்பறை மூடும் சத்தம். அப்புறம் ஒரு ஸ்பூன். அதை இரண்டு கையாலும் ஏந்தி, விருது கொடுக்க வந்தவள் மாதிரி நடந்து வந்து அப்பா முன்னால் வைத்தாள்.

"இந்தாங்கப்பா, நாலு."

அவளுடைய மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வேலை தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு இந்த வீட்டில் தங்கியிருப்பவர், தன் கிண்ணத்தை இழுத்துக்கொண்டார். "பரவால்ல அத்தான். ஆளுக்கு ஒரு வாய் குடிச்சிட்டு அடுத்த ஆளுக்குத் தள்ளிவிடுவோம். பொண்ணு சிக்கனமா வளர்றா."

"நீ கொஞ்சம் வாயை மூடு."

"மூடினா எப்படி அத்தான் குடிக்கிறது?"

அப்பா லிஃப்ட் மெக்கானிக். கோளாறு என்றால் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் உண்டு. அதுவும் ஒவ்வொரு தடவையும் தவறாமல் வருகிற கோளாறு என்றால் கேட்கவே வேண்டாம். எப்போதாவது வந்து போகிற கோளாறு தலைவலி. அது நாம் பார்க்கும்போது ஒளிந்துகொள்ளும். எப்போதும் வருகிற கோளாறுக்கோ எப்போதும் இருக்கிற ஒரு காரணம் இருந்தே தீரும். ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போனால், எதை மாற்றும்போது கோளாறு நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. மகளிடமும் அதைத்தான் செய்து பார்த்தார். ஸ்பூனுக்குப் பதில் வெங்காயம் கேட்டார். ஒரு வெங்காயம் வந்தது. நாலுக்குப் பதில் ஆறு கேட்டார். ஆறு வரை எண்ணிவிட்டு ஒரு வெங்காயம் கொண்டு வந்தாள். அதட்டிக் கேட்டார், கொஞ்சிக் கேட்டார். ஒன்றுதான். இத்தனையையும் அவர் நாற்காலியை விட்டு எழாமலே செய்தார். பழுதானது லிஃப்டாக இருந்திருந்தால் குழிக்குள் இறங்கி, முழங்கையெல்லாம் கிரீஸ் பூசிக்கொண்டு கண்ணால் பார்த்திருப்பார். பழுதானது மகள் என்பதால் நாற்காலியே போதுமென்று நினைத்தார்.

தவிர, குற்றவாளி யாரென்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். தெருக்கோடி மழலையர் பள்ளி.

"ஒரு வருஷம்" என்றார் மனைவியிடம். "ஒரு வருஷமா அங்க என்ன நடக்குது? மணலை அள்ளிக் கொட்டறாங்க. கொட்டினதை அள்ளறாங்க. அதுக்கு ஒரு டீச்சர், அவங்களுக்கு ஒரு உதவியாள். இவ அங்க போறப்பவே நூறு வரைக்கும் சொல்லுவா. நான் சொல்லிக் கொடுத்தது. இப்ப நாலு ஸ்பூன் எடுக்கத் தெரியல. கத்துக் கொடுக்கலைன்னாகூடப் போகட்டும், இருந்ததையும் உருவிட்டாங்க."

அவர் சொல்லிக் கொடுத்தது உண்மை. ஒன்பதாவது மாடியில் வீடு. தினமும் ஏறி இறங்கும்போது மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, கதவுக்கு மேலே சிவப்பாக ஒளிரும் எண்களைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தார். நாலு வந்தால் நாய் வளர்க்கிறவர் வீடு. ஏழு வந்தால் பல் டாக்டர் வீடு. ஒன்பது நம் வீடு. அதற்கு மேல் நூறு வரைக்கும் இல்லாத மாடிகளையும் வரிசையாகச் சொல்லிக் கொடுத்தார். ஒன்பதிலிருந்து தலைகீழாகவும் சொல்லுவாள். இரண்டரை வயதில் இதைச் செய்துகாட்டிய மகளை அவர் பார்த்தவர்களிடமெல்லாம் செய்துகாட்டச் சொன்னார்.

மனைவி மருந்துக்கடையில் வேலை செய்பவர். நாளெல்லாம் அவசரக்காரர்களுக்குப் பதில் சொல்லி, வீட்டில் அவசரப்படாமல் பேசப் பழகியிருந்தார்.

"போன வருஷம் யாராவது வீட்டுக்கு வந்தா இவ எங்க இருப்பா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"கதவுக்குப் பின்னால. பேரு என்னன்னு கேட்டாலே அழுவா. நேத்து பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட, உங்க மூக்கு ஏன் சிவப்பா இருக்கு, வலிக்குதான்னு கேட்டா. அவரு சிரிச்சுக்கிட்டே மூக்கைத் துடைச்சுக்கிட்டாரு."

"அது படிப்பா?"

"எனக்கு அதுதான் படிப்பு. அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு எடுத்தா மறுபடியும் கதவுக்குப் பின்னால போயிடுவாளோன்னு எனக்குப் பயமா இருக்குங்க."

அடுத்த வருஷத்துக்கும் இடம் வேண்டுமா என்று பள்ளியில் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்ல அப்பா முடிவு செய்துவிட்டார். கடைத்தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட பயிற்சி மையம் ஒன்று இருந்தது. நாலு வயதுப் பிள்ளைகள் அங்கே கூட்டல் கணக்குப் போடுவார்கள் என்று கதவிலேயே எழுதியிருந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரிப்பவர் இவர்தான். சனிக்கிழமை மகளைச் சோதனைக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு.

மையத்தின் வரவேற்பறையில் பெற்றோர்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் பிள்ளையை ஒருவர் ஓரக்கண்ணால் எடைபோட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த மாதிரி அறைகளில் வெளிப்படையாகப் பெருமையடிப்பவர் யாரும் இல்லை. எல்லோரும் குறை சொல்வது போலவே பெருமையடிப்பார்கள்.

"இவனால எங்களுக்குத் தூக்கமே இல்லைங்க" என்றார் வங்கியில் வேலை செய்கிற ஒருவர். "எதைப் பார்த்தாலும் படிக்கிறான். சோப்பு டப்பாவைக்கூட விடறதில்ல."

அந்தப் பையன் அப்போது சோப்பு டப்பா எதையும் படிக்கவில்லை. ஷூ லேஸை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான்.

"எங்க வீட்டுல இவ கேள்வி கேட்டே கொன்னுடுவா" என்றார் இன்னொரு அம்மா. அந்தப் பெண் குழந்தை வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை.

"நீங்க இதுவரைக்கும் எங்க அனுப்பினீங்க?" என்று வங்கிக்காரர் லிஃப்ட் மெக்கானிக்கைக் கேட்டார்.

"தெருக்கோடியில ஒரு இடம்."

"ஓ, அந்த மணல் பள்ளிக்கூடமா?" வங்கிக்காரர் ஆறுதலாகத் தலையசைத்தார். நோய் முற்றிய வீட்டுக்கு வந்தவர்கள் அப்படித்தான் தலையசைப்பார்கள்.

உள்ளே ஆலோசகர் என்று பலகை வைத்த ஒரு பெண். மேசைமேல் பத்து மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கினார். "பாப்பா, எனக்கு நாலு கட்டை கொடு பார்க்கலாம்."

பொடிசு ஒவ்வொரு கட்டையாக விரலால் தொட்டாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு என்று சொல்லித் தொட்ட கட்டையை மட்டும் எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

இதை அப்பா கண்ணெதிரே பார்த்தார். பார்த்ததில் பாதி விடை இருந்தது. ஆனால் அவமானத்தில் இருப்பவனுக்கு எதிரே இருப்பது தெரியாது. எதிரே இருப்பவர்களின் முகம்தான் தெரியும். ஆலோசகர் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"எண்ணத் தெரியுது, எண்ணிக்கை தெரியல. எண் உணர்வே இல்லைங்க சார். இது சகஜம்தான். வீட்டுல பிள்ளையோட உட்கார நேரம் இல்லாத குடும்பங்கள்ல இப்படித்தான் ஆகும்."

"நான்தாங்க உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன்."

"சார், எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க." அவர் புன்னகை செய்தார். அதைவிடத் திட்டியிருக்கலாம். "அந்த விளையாட்டு ஸ்கூலை நிறுத்திடுங்க. முழு நாளும் இங்க அனுப்புங்க. அடிப்படையிலிருந்து கட்டிடுவோம்."

அந்த வாரக்கடைசி முழுக்க எல்லோரும் அப்பாவிடமிருந்து ஒதுங்கியே இருந்தார்கள். மாமா மட்டும், "அத்தான், இழுப்பறையில ஸ்பூன் எத்தனை இருக்குன்னு நான் வேணும்னா எண்ணித் தரவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு ஒரு செருப்பை வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை அப்பா வேலைச் சீருடையோடு பள்ளிக்குப் போனார். மகளைச் சேர்த்த நாளுக்குப் பிறகு உள்ளே வருவது இதுதான் முதல் தடவை. எல்லாம் முழங்கால் உயரத்தில் இருந்தது. கோட்டு மாட்டும் கொக்கிகள், அவற்றுக்கு மேல் பெயருக்குப் பதிலாகக் குடை, மீன், சைக்கிள் படங்கள். கைகழுவும் தொட்டி. ஜன்னல்கூடத் தாழ்வாக இருந்தது. உட்காரச் சொல்லி டீச்சர் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருடைய முழங்கால் மோவாய்க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அந்த நிலையில் சண்டை போடுவது கஷ்டம். டீச்சருக்கு அது தெரியும் போலிருந்தது.

"இடம் வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன்" என்றார்.

"சரி" என்றார் டீச்சர்.

அவ்வளவு சீக்கிரம் சரி சொல்வார் என்று அப்பா எதிர்பார்க்கவில்லை. "ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"கேட்டா ரெண்டுல ஒண்ணு சொல்லுவீங்க. எப்ப எழுத வைப்பீங்கன்னு சிலர் கேப்பாங்க. சிலருக்கு இது பிள்ளையை விட்டுட்டு வேலைக்குப் போற இடம்; ஸ்டாண்டுல சைக்கிளை விடற மாதிரி. ஒரு கீறல் இல்லாம சாயங்காலம் திரும்பக் கிடைச்சா சரி. நீங்க எந்தப் பக்கம்?"

"எழுதறதெல்லாம் அப்புறம். ஒரு வருஷத்துல என் பொண்ணுக்கு நாலு ஸ்பூன் எடுக்கக்கூட நீங்க சொல்லிக் கொடுக்கல."

"அப்படியா? இங்க வந்தப்பவே நூறு வரைக்கும் சொன்னா. யாரோ நல்லா மனப்பாடம் பண்ண வச்சிருந்தாங்க. அதைச் சரி பண்ணத்தான் நாங்க ஒரு வருஷமாப் போராடிக்கிட்டிருக்கோம்."

அப்பாவின் காது சிவந்தது. அதற்குள் டீச்சர் எழுந்துவிட்டார். "பால் குடிக்கிற நேரம். இன்னைக்கு உங்க பொண்ணோட முறைதான். சும்மா உட்கார்ந்து பாருங்க."

பொடிசு அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். அவளுடைய மேசையில் ஆறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஒவ்வொருவராகப் பார்த்து, "உனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு கப்பாகத் தட்டில் வைத்தாள். கடைசியில் தன் மார்பைத் தொட்டு "எனக்கு ஒண்ணு" என்று இன்னொன்று வைத்தாள். எந்த எண்ணையும் சொல்லவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு, நாக்கை உதட்டோரம் நீட்டியபடி மெதுவாக நடந்தாள். எல்லோருக்கும் கப் வந்தது. ஒன்றும் மிஞ்சவில்லை, ஒன்றும் குறையவில்லை.

"தட்டு கொடுத்தா சரியாக் கொண்டு வருவா" என்றார் டீச்சர். "தட்டை வாங்கி வச்சுட்டு, ஏழு கப் கொண்டு வான்னு சொல்லுங்க. ஒண்ணைத்தான் தூக்கிட்டு வருவா. எங்களுக்குப் பழகிடுச்சு. ஆனா ஏன் அப்படின்னு மட்டும் இன்னைக்கு வரைக்கும் புரியல."

கோளாறு இருக்கிறது, காரணம் தெரியவில்லை என்று ஒருவர் சொன்னதும் அப்பாவுக்குள் இருந்த மெக்கானிக் விழித்துக்கொண்டார். அந்தச் சின்ன நாற்காலியிலிருந்து எழுந்து, அலமாரிப் பக்கம் போய், மகளுக்கு அருகில் தரையில் உட்கார்ந்தார். "தட்டு வேண்டாம்மா. சும்மா நாலு கப் எடு."

அவள் விரல் ஒவ்வொரு கப்பின்மேலும் போய்ப் போய் நின்றது. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. நின்ற இடத்தில் இருந்த கப்பை எடுத்தாள். இந்த நடையை அவர் எங்கேயோ பார்த்திருக்கிறார். நின்று நின்று போகிற நடை. கடைசியில் நின்ற இடம் மட்டுமே கணக்கில் வருகிற நடை.

"நாலு யாரு வீடு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நாய் வீடு."

"மூணு?"

"தெரியாது. அங்க யாரும் இறங்க மாட்டாங்க."

"நாலைக் கொண்டு வான்னு சொன்னா, மூணு, ரெண்டு, ஒண்ணு எல்லாம் கூட வருமா?"

பொடிசு அப்பாவைப் பார்த்த பார்வையில் கொஞ்சம்கூட மரியாதை இல்லை. "என்னப்பா நீங்க! மூணு மூணுலதான இருக்கும்? நாலுக்கு எப்படி வரும்?"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

அப்பா தரையிலேயே உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் தான் எந்த மாடியில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதை நினைத்துக்கொண்டிருந்தார். அவர் எத்தனையோ பேருக்கு விளக்கியது, யாரும் முழுதாகக் கேட்காதது. கூண்டு ஏறுகிற குழியின் சுவரில் மாடிக்கு ஒரு காந்தத் தகடு பொருத்தியிருப்பார்கள். கூண்டின் தலையில் ஒரு சிறிய உணரி இருக்கும். ஒரு தகட்டைக் கடக்கும்போது அது ஒன்று கூட்டிக்கொள்ளும். நாலு தகட்டைக் கடந்தால் நாலு. ஆனால் அது எந்தத் தகட்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு போவதில்லை. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்கும். லிஃப்டுக்கு நாலு என்பது தான் நிற்கும் இடம், அவ்வளவுதான். எத்தனை என்று தெரிந்துகொள்ள லிஃப்டில் வேறு ஏற்பாடு உண்டு: கூண்டின் தரைக்குக் கீழே, உள்ளே ஏறியதன் மொத்தப் பாரத்தை உணரும் கருவி. அதற்கு மாடி தெரியாது, வரிசை தெரியாது. உள்ளே சேர்ந்தது மட்டும்தான் தெரியும். இரண்டும் தனித்தனி வேலை. அவர் மகளுக்கு முதல் வேலையை மட்டும் பிசகில்லாமல் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இந்த மணல் பள்ளிக்கூடம், அள்ளவும் கொட்டவும் அடுக்கவும் விட்டு, ஒரு வருஷமாக இரண்டாவது வேலையைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. தட்டு இருந்தால் கப்பெல்லாம் ஒரே இடத்தில் சேர்கிறது. தட்டு இல்லையென்றால் அவள் நாலாவது மாடிக்குப் போய், அங்கே இருப்பதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள்.

இதை அவர் டீச்சரிடம் சொன்னார். நிறைய நேரம் சொன்னார். அதை முழுதாகக் கேட்ட முதல் ஆள் டீச்சர்தான்.

"அப்ப தப்பு எங்க பக்கம் இல்ல" என்றார் டீச்சர்.

"தப்புன்னு யாரு சொன்னா?" என்று அப்பா எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டார். "காரணம் சொன்னேன், அவ்வளவுதான்."

"சரிங்க. இடத்தை வேற பிள்ளைக்குக் கொடுத்திடட்டுமா?"

அப்பா கொக்கியில் தொங்கிய மகளின் கோட்டைப் பார்த்தார். பொடிசு அதற்குள் மேசைக்குத் திரும்பி, பக்கத்துப் பையனிடம் அவன் பால் மீசையைப் பற்றி ஏதோ கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"வேண்டாம். அவளுக்கே இருக்கட்டும்" என்றார். "ஆனா அந்த ஜன்னல் கீல் கிறீச்சிடுது. இதைக்கூடவா ஒருத்தரும் கவனிக்கல?"

சாயங்காலம் வீட்டில் இதையே மறுபடியும் விளக்கினார். காந்தத் தகடு, உணரி, பாரம் எல்லாம் மறுபடியும் வந்தது. மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"அப்ப பொண்ணு நல்லாத்தான் இருக்கா."

"நல்லாத்தான் இருக்கா."

"பள்ளிக்கூடமும் நல்லாத்தான் இருக்கு."

"ஏதோ பரவாயில்ல."

"மிச்சம் யாரு?"

மாமா சோபாவிலிருந்து கை தூக்கினார். "நான் இல்லக்கா. நான் எண்ணவே சொல்லிக் கொடுக்கல."

"அந்தக் கண்ணாடிக் கதவு மையம் இருக்கே" என்று அப்பா மனைவியிடம் சொன்னார். "பத்துக் கட்டையை வரிசையா வச்சாங்க. பக்கத்துல ஒரு டப்பா வைக்கணும்னு தோணல. பெருக்கல் குறி போடறதுக்கு மட்டும் பேனா ரெடியா இருந்துச்சு."

"உங்களுக்கு மட்டும் தோணிச்சாக்கும்" என்றார் மனைவி. முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெங்காயமா சிரிப்பா என்று தெரியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சூப் தயாரானது. அப்பா சமையலறைக்கு எழுந்து போய், ஒரு தட்டை எடுத்து மகளின் கையில் கொடுத்தார். "நாலு ஸ்பூன். ஒவ்வொண்ணாத் தட்டுல வச்சுக்கிட்டே எண்ணு."

ஒண்ணு, டிங். ரெண்டு, டிங். மூணு, டிங். நாலு, டிங்.

"இப்ப எனக்கு நாலாவது ஸ்பூன் வேண்டாம். தட்டைக் கொண்டு வா."

தட்டு வந்தது. நாலு ஸ்பூன் இருந்தது. மாமா முதல் ஆளாகக் கை நீட்டினார்.

வழி இதுதான்: எண்ணச் சொல்வதற்கு முன்னால் குழந்தையின் கையில் ஒரு தட்டைக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பொருளைத் தட்டில் போடச் சொல்ல வேண்டும், கடைசி எண் வந்ததும் அந்தப் பொருளைக் கேட்காமல் தட்டைக் கேட்க வேண்டும்.